சிறுநீரகத்திற்கும் தீட்டா?

(தருமபுரி ஜில்லா பாலக்கோட்டில் கூடிய பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்றைய தினம் நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் நமது மேடைகளில் வழக்கமாகப் பேசப்படுவதல்ல. கோவிலைப் பற்றியும், ஜாதியைப் பற்றியும், புராணத்தைப் பற்றியும் பேசிவிட்டுப் போவதே நமக்கு வழக்கம். கிட்னியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நோட்டீசில் போட்டதும், சந்தைப்பேட்டையில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, "கட்சிக்காரன் எப்போது டாக்டரானாய்?" என்று கேட்டார். நான் டாக்டரல்ல, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படித்தறிந்தவரையிலும் விசாரித்தறிந்தவரையிலும் சொல்லுகிறேன். நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிட வேண்டாம். உங்கள் அறிவில் வைத்து நிறுத்துப் பாருங்கள். சரியென்று பட்டதைக் கொள்ளுங்கள். மற்றதை இந்தப் பந்தலிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

இந்தப் பேச்சுக்குக் காரணம் ஒரு பெண். அந்த அம்மையின் பெயரையும் ஊரையும் சொல்லமாட்டேன். சொல்லுவதற்குச் சட்டமும் இடங்கொடாது, நாகரிகமும் இடங்கொடாது. அவர் புருஷன் போர்வண்டியில் வேலைக்குப் போய் வடதேசமெல்லாம் சுற்றியவன். வியாதியோடு திரும்பி வந்தான்; செத்தான். அவன் விட்டுப்போன சொத்து எச்.ஐ.வி. என்கின்ற கிருமி ஒன்றுதான். அந்த அம்மை தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கி, ஒருநாளும் தவறாமல் பதினோரு வருஷமாகச் சாப்பிட்டு வருகிறார். இரத்தத்தைச் சோதித்தால் கிருமியின் கணக்கு கண்ணுக்குச் சிக்குவதில்லை. அவ்வளவு சுத்தமாக இருக்கிறார். இப்படியிருக்க, இரத்தக் கொதிப்பினால் இரண்டு கிட்னியும் கெட்டுப்போயிற்று. வாரம் இரண்டு தடவை பஸ் ஏறிப் போய் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறார்.

அவருக்கு ஒரு தம்பி இருக்கிறான். இந்தத் தக்காளி மார்க்கெட்டில் கூடை தூக்குகிறவன். "என் அக்காவுக்கு என் கிட்னியைக் கொடுக்கிறேன்" என்று அவனாகவே முன்வந்தான். இருவரையும் கூட்டிக்கொண்டு வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே போயிருந்தேன். காகிதத்தை எல்லாம் புரட்டினார்கள், எச்.ஐ.வி. என்ற எழுத்தைக் கண்டார்கள், மூடினார்கள். "இப்படிப்பட்டவர்களுக்கு நாங்கள் செய்வதில்லை" என்றார்கள். ஏன் என்று கேட்டேன், வழக்கமில்லை என்றார்கள். அதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதித் தரமாட்டோம் என்றார்கள்.

திரும்பி வரும்போது அந்த அம்மை பஸ்ஸில் என்னிடம் சொன்னார்: "அண்ணே, என் மாமியார் வீட்டில எனக்குன்னு ஒரு தட்டு, ஒரு தம்ளர் தனியா வச்சிருக்காங்க. அது படிக்காத வீடு, போகட்டும்னு இருந்தேன். படிச்ச இடத்திலயும் தனித் தம்ளர்தானா அண்ணே?"

தோழர்களே! இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தம்ளர் என்றால் என்னவென்று இந்த ஜில்லாவில் நம்மை விட யாருக்குத் தெரியும்? டீக்கடையில் நமக்கென்று ஒரு கிளாஸ், மற்றவர்களுக்கென்று ஒரு கிளாஸ் என்று வைத்திருந்ததைக் கண்ணால் கண்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். அப்போது, "ஏனப்பா தனிக் கிளாஸ்?" என்று கேட்டால் கடைக்காரன் சொன்ன பதிலும் இதுதான்: வழக்கமில்லை! வைத்தியக் காரணத்தை எழுதித் தரச் சொன்னால் எழுதித் தரமுடியாத ஒரு மறுப்பு வைத்தியமாகுமா, தீட்டாகுமா என்பதுதான் இன்று என் கேள்வி.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எதிரியின் வாதத்தை மறைத்துவிட்டு ஜெயிப்பது பார்ப்பனர் கதாகாலட்சேபத்தில் நடக்கும். நம் மேடைக்கு அது வேண்டாம். நம் உடம்புக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான். வெளியிலிருந்து எது வந்தாலும் அதைத் திருடன் என்று அடிப்பான். தம்பியின் கிட்னியை அக்காவுக்கு வைத்தாலும் அவனுக்கு அது திருடன்தான். ஆகையால் கிட்னியை வைத்த டாக்டர், அந்தக் காவல்காரன் அரைத் தூக்கத்திலேயே இருக்கும்படி ஆயுள் பூராவும் மருந்து கொடுக்கவேண்டும். எச்.ஐ.வி. கிருமியோ அந்தக் காவல்காரனையே கொல்லுகிற கிருமி. ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கும் காவல்காரனுக்குத் தூக்க மருந்தும் கொடுத்தால் சாதாரண ஜுரமே ஆளை முடித்துவிடாதா என்று டாக்டர்கள் பயந்தார்கள். 1996-ல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வருவதற்கு முன்னே அந்தப் பயம் நியாயமான பயந்தான். அப்போது மறுத்த டாக்டரை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

அதன் பிறகு என்ன ஆயிற்று? நம் நாட்டில் 2004-ம் வருஷம் ஏப்ரல் மாதத்திலிருந்து சர்க்கார் அந்த மருந்தை இனாமாகக் கொடுக்கத் தொடங்கியது. முதல் முதல் கொடுத்த எட்டு இடங்களில் நமது தாம்பரம் ஆஸ்பத்திரி ஒன்று. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் கிருமி அடங்குகிறது. காவல்காரன் எழுந்து உட்காருகிறான். கிருமியின் கணக்கு கண்ணுக்குச் சிக்காத அளவுக்கு இறங்கிவிட்டால் புருஷன் பெண்சாதிக்குள் கூட அது தொற்றுவதில்லை என்று உலக முழுவதும் ஒத்துக்கொண்டாயிற்று. இதில் தட்டினால் தொற்றுமா, தம்ளரால் தொற்றுமா என்று இன்னும் கேட்கிறவர்களை என்னவென்று சொல்லுவது?

அமெரிக்காவில் இந்தக் கிருமி உள்ள 150 பேருக்குக் கிட்னி மாற்றி வைத்து, நடந்ததை 2010-ல் அச்சிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து 100-க்கு சுமார் 95 பேர் உயிரோடிருந்தார்கள். மூன்று வருஷம் கழித்து 88 பேர். இதில் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். காவல்காரன் செத்துக் கிடப்பான் என்றல்லவா பயந்தார்கள்? அவனோ மற்றவர்களுடைய காவல்காரனை விட அதிக முறைப்பாக எழுந்து, வந்த கிட்னியை அடித்தான். முதல் வருஷத்தில் 100-க்கு 31 பேருக்கு அப்படி நடந்தது. அதற்கு மருந்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. கிருமிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், முக்கியமாக ரிட்டோனாவிர் என்பது, கிட்னியைக் காக்கும் டாக்ரோலிமஸ் என்ற மருந்தை இரத்தத்தில் பல மடங்கு ஏற்றிவிடும். அந்தச் சண்டையும் இப்போது பெரும்பாலும் தீர்ந்துபோயிற்று. இன்று நம் சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே கொடுக்கிற டொலூடெக்ராவிர் மாத்திரை அந்த வம்புக்குப் போவதில்லை. அதோடு சேர்ந்து வரும் டெனோஃபோவிர் சிலருக்குக் கிட்னியைக் கெடுக்கும். கிட்னி கெட்டவருக்கு டாக்டர் அதை மாற்றிக் கொடுக்கவேண்டும். இவ்வளவுதான் கஷ்டம். படித்த டாக்டர் படித்துத் தீர்க்கக்கூடிய கஷ்டம்.

ஆகவே ஒரு டாக்டர், "அம்மா, உன் இரத்தத்தில் காவலணு 200-க்குக் கீழே இருக்கிறது, கிருமி அடங்கவில்லை, இருதயம் தாங்காது, ஆகையால் இப்போது முடியாது" என்று சொன்னால் அது வைத்தியம். நாம் கைகட்டிக் கேட்போம். ஆளைச் சோதிக்காமல் எழுத்தைப் பார்த்துவிட்டு மூடுவது வைத்தியமல்ல.

இப்போது உங்களைக் கொஞ்சம் தென்னாப்பிரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். கேப்டவுன் நகரத்தில் குரூட் ஷூர் என்று ஒரு ஆஸ்பத்திரி. 1967 டிசம்பர் 3-ந் தேதி கிறிஸ்டியான் பர்னார்டு என்கின்ற டாக்டர் உலகத்திலேயே முதன்முதலாக ஒரு மனிதனுடைய இருதயத்தை இன்னொரு மனிதனுக்கு மாற்றி வைத்தது அங்கேதான். வைத்துக்கொண்டவர் பதினெட்டு நாளில் இறந்துபோனார். அடுத்த மாதம், 1968 ஜனவரி 2-ந் தேதி, பிலிப் பிளைபெர்க் என்ற வெள்ளைக்காரருக்கு மறுபடியும் செய்தார்கள். இந்தத் தடவை கொடுத்த இருதயம் யாருடையது? கிளைவ் ஹாப்ட் என்கின்ற கலப்பு நிறத்தாருடையது. அது எந்த நாடு என்பதை நினைத்துப் பாருங்கள். வெள்ளையன் உட்காரும் பெஞ்சியில் நிறத்தவன் உட்காரக்கூடாது. வெள்ளையன் ஏறும் பஸ்ஸில் ஏறக்கூடாது. அதே ஆஸ்பத்திரியில் கூட வெள்ளையருக்கு ஒரு வார்டு, மற்றவருக்கு ஒரு வார்டு. நம் ஊர் அக்கிரகாரம் ஒரு தேசமாக இருந்தால் எப்படியோ அப்படி. அந்தத் தேசத்தில் பெஞ்சிக்கு ஆகாதவனுடைய இருதயம் வெள்ளைக்காரன் நெஞ்சுக்குள்ளே பத்தொன்பது மாதம் அடித்துக்கொண்டிருந்தது. தீட்டுப் பட்டதென்று அது ஒருநாளும் நிற்கவில்லை.

நாற்பது வருஷம் கழித்து, 2008-ல், அதே ஆஸ்பத்திரியில் எல்மி முல்லர் என்ற ஒரு பெண் டாக்டர் இன்னொரு தீட்டை உடைத்தார். அந்த நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஏராளம். கிட்னி கெட்டால் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இயந்திரத்திலும் இடமில்லை, மாற்றி வைக்கும் வரிசையிலும் இடமில்லை. வீட்டுக்குப் போய்ச் சாகவேண்டியதுதான். இன்னொரு பக்கம், விபத்தில் மூளை செத்துப்போனவர்களின் இரத்தத்தில் இந்தக் கிருமி இருந்தால் அவர்களுடைய நல்ல கிட்னிகளையும் ஒதுக்கித் தள்ளினார்கள். அந்த அம்மையார் என்ன செய்தார்? ஒதுக்கித் தள்ளின கிட்னியை ஒதுக்கித் தள்ளின ஆளுக்கு வைத்தார். கிருமி உள்ளவரிடமிருந்து எடுத்துக் கிருமி உள்ளவருக்கே வைத்தார். 27 பேருக்கு வைத்து 2015-ல் கணக்குக் கொடுத்தார். ஐந்து வருஷத்தில் 100-க்கு 74 பேர் உயிரோடிருக்கிறார்கள் என்று கண்டது. செத்துப்போ என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்க வேண்டிய ஜனங்கள் இவர்கள்!

அமெரிக்காக்காரன் 1988-ல் அப்படிப்பட்ட உறுப்பைத் தொடவே கூடாதென்று சட்டம் செய்திருந்தான். தென்னாப்பிரிக்காவைப் பார்த்து 2013 நவம்பரில் அந்தத் தடையை நீக்கிப் புதுச்சட்டம் செய்தான். 2016-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் முதலாவதாகச் செய்தார்கள். முதலில் ஆராய்ச்சிக்கு மட்டும் என்று அனுமதித்தார்கள். 2024-ல் கிட்னிக்கும் ஈரலுக்கும் அந்தக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள். தாங்கள் எழுதின சட்டம் தப்பென்று தெரிந்ததும் அதைக் கிழித்துப் போடுகிறார்கள். மனு எழுதினதை நாம் இன்னும் கிழித்து முடிக்கவில்லை.

இங்கே ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். பெயர் போடவில்லை, போகட்டும். "கெட்ட நடத்தையால் வந்த வியாதிக்காரருக்குக் கிட்னி கொடுப்பதா? நல்லவர்கள் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்களே?" என்று கேட்டிருக்கிறார். இது ஒருவருடைய கேள்வியல்ல. பலருடைய மனதில் இருப்பது. ஆகையால் முடிவுக்குக் காத்திராமல் இப்போதே பதில் சொல்லுகிறேன்.

முதலாவது, நான் சொன்ன அம்மை என்ன கெட்ட நடத்தை நடந்தார்? தாலி கட்டினவனோடு வாழ்ந்தார், அதுதான் குற்றம். தாயின் வயிற்றிலேயே வாங்கிவந்த குழந்தை என்ன நடத்தை நடந்தது? 2018 டிசம்பரில் விருதுநகர் ஜில்லா சாத்தூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய இரத்தத்தில் இந்தக் கிருமி இருந்தது என்று பத்திரிகைகளெல்லாம் எழுதினவே, அந்த அம்மை என்ன நடத்தை நடந்தார்? அதிலே இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த இரத்தத்தைக் கொடுத்தவன் பத்தொன்பது வயதுப் பையன். வெளிநாட்டு வேலைக்காகச் சோதனை செய்த இடத்தில்தான் தனக்குக் கிருமி இருப்பதே அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தவுடன், நான் இரத்தம் கொடுத்திருக்கிறேன், அதை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று அவனாகவே போய்ச் சொன்னான். இதைவிட நல்ல நடத்தை என்ன இருக்கிறது? அப்படிப்பட்ட பையன் அவமானம் தாங்காமல் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அந்தக் கர்ப்பிணிக்கோ டாக்டர்கள் உடனே மருந்து கொடுத்தார்கள். 2019 ஜனவரியில் பிறந்த குழந்தைக்குக் கிருமி தொற்றவில்லை. கிருமிக்கு மருந்து இருந்தது, குழந்தை பிழைத்தது. அவமானத்திற்கு நம்மிடம் மருந்தில்லை, பையன் செத்தான்.

இரண்டாவது, நடத்தையால் வந்ததென்றே வைத்துக்கொள்ளுங்கள். சாராயம் குடித்து ஈரல் கெட்டவனுக்கும், பீடி குடித்து இருதயம் கெட்டவனுக்கும் வைத்தியம் செய்கிறோமா இல்லையா? ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிற வைதிகர்களுடைய தேவராஜன் கதை என்ன? அகலிகை வீட்டுக்குப் போன இந்திரனுக்கு உடம்பெல்லாம் சாப வியாதி வந்ததென்று அவர்கள் புராணமே சொல்லுகிறது. அந்த வியாதியை ஆயிரங் கண்ணாக மாற்றிக்கொடுத்து, தேவலோகத்து நாற்காலியையும் அவனுக்கே விட்டுவைத்தார்கள். இந்திரனுக்கு ஒரு நியாயம், போர்வண்டிக்காரன் பெண்சாதிக்கு ஒரு நியாயமா?

மூன்றாவது, வரிசையில் இருக்கிற நல்லவருக்குப் போகவேண்டியதை இவர்கள் பறிக்கிறார்களா? தம்பி அக்காவுக்குக் கொடுப்பதால் யாருடைய இடமும் போகாது. தென்னாப்பிரிக்காவில் செய்ததுபோல் கிருமி உள்ளவருடையதைக் கிருமி உள்ளவருக்கு வைத்தால் வரிசை நீளுவதில்லை, குறைகிறது. அந்த வழியை நம் நாட்டிலும் டாக்டர்கள் கட்டுப்பாட்டோடு நடத்த ஏற்பாடு செய் என்று சர்க்காரை நாம் கேட்கவேண்டும்.

நம் பக்கத்தில் அதற்கு அறிவில்லையா? எங்கோ போகவேண்டாம், திருப்பத்தூர் தாண்டினால் வேலூர். இந்தியாவில் வெற்றிகரமாக முதல் கிட்னி மாற்றி வைத்தது 1971-ல் அந்த வேலூர் கிறிஸ்தவ ஆஸ்பத்திரியில். இந்த நாட்டில் எச்.ஐ.வி. இருக்கிறதென்று முதன்முதல் கண்டுபிடித்ததும் 1986-ல் நம் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமன் சொல்ல, நிர்மலா என்கின்ற மாணவி சேகரித்த இரத்தத்தை அதே வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்துத்தான் கண்டார்கள். இங்கே அந்த வியாதி இருக்கமுடியாது, இது புண்ணிய பூமி என்று பெரிய மனிதர்களெல்லாம் அப்போது பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியாரவர்கள் தம் கடைசிக் காலத்தில் மூத்திர வாதையோடு, குழாயும் பாத்திரமுமாக மேடையேறிப் பேசியதைப் பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். 1973 டிசம்பர் 24-ல் அவர் உயிர் பிரிந்ததும் அந்த வேலூர் ஆஸ்பத்திரியில்தான். டாக்டர்களிடத்தில் நமக்கு விரோதமில்லை. டாக்டர் சட்டைக்குள் சாஸ்திரிகள் புகுந்துகொள்ளுவதில்தான் விரோதம்.

சாஸ்திரிகள் சும்மா இல்லை. 2014 அக்டோபரில் பம்பாயில் ஒரு ஆஸ்பத்திரித் திறப்பு விழாவில், மனித உடம்பில் யானைத் தலையை வைத்த வைத்தியர் அந்தக் காலத்திலேயே நம் நாட்டில் இருந்திருக்கவேண்டும் என்று பிரதம மந்திரியே பேசினார். சரி, அப்படியே இருக்கட்டும். யானைத் தலையை மனிதனுக்கு வைக்கலாம். தம்பி கிட்னியை அக்காவுக்கு வைக்கக்கூடாதா? கண்ணப்பன் கதையைப் பாருங்கள். வேடன்; வாயில் கொண்டுவந்த தண்ணீரைத் துப்பி அபிஷேகம் செய்தான்; கடித்துப் பார்த்த இறைச்சியைப் படைத்தான்; தன் கண்ணைத் தோண்டி அப்பினான். கல்லுக்குக் கண் கொடுத்தவனை நாயனார் என்று கும்பிடுகிறார்கள். அவனுடைய எச்சிலைக் கல் ஒத்துக்கொண்டதாம். அந்தக் கதையைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறவர் வீட்டில் மருமகளுக்குத் தனித் தம்ளர்!

இனி நடக்கவேண்டிய காரியத்தைச் சொல்லுகிறேன். 2017-ல் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கென்று இந்தியா பூராவுக்கும் ஒரு சட்டம் செய்திருக்கிறார்கள். 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. வைத்தியம் மறுப்பதும், பாதியில் நிறுத்துவதும், வேற்றுமையாய் நடத்துவதும் அந்தச் சட்டப்படி தடுக்கப்பட்டிருக்கின்றன. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆஸ்பத்திரி எதுவானாலும் இதற்கென்று ஒரு புகார் அதிகாரி இருக்கவேண்டும். "உங்கள் புகார் அதிகாரி யார்?" என்று போய்க் கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கே பல இடங்களில் குரல் இறங்கும். அதற்கும் மேலே குறைதீர்ப்பாளர் என்று ஒருவர். அவர் முப்பது நாளைக்குள் உத்தரவு போடவேண்டும். உயிருக்கு ஆபத்தென்றால் கூடியவரையில் இருபத்துநான்கு மணி நேரத்திற்குள். நான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போன தினம் இந்தச் சட்டம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வெறுங்கையோடு திரும்பியிருக்கமாட்டேன். அதற்காக நான் வெட்கப்படுகிறேன்.

நம் தோழர்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தொப்பூர்க் கணவாயில் வண்டி கவிழாத மாதம் உண்டா? மண்டையில் அடிபட்டு மூளை செத்துப்போனவர்களை, நான்கு டாக்டர்கள் கொண்ட குழு ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு தடவை சோதித்துத்தான் செத்தார் என்று எழுதுகிறார்கள். அதன் பிறகு அந்த உடம்பிலிருந்து பல பேர் பிழைக்கலாம். 2008 முதல் நம் தமிழ்நாட்டுச் சர்க்கார் இதை ஒழுங்காக நடத்தி வருகிறது. கொடுத்தவர்களுக்கு 2023 முதல் அரசு மரியாதையோடு அடக்கமும் செய்கிறார்கள். நாமோ மேடையில் மோட்சமில்லை, மறு ஜன்மமில்லை என்று பேசிவிட்டு, நம் வீட்டில் ஒருவர் அப்படிக் கிடக்கும்போது, "முழு உடம்பாக எரிக்கவேண்டும்" என்று அழுகிற பெரியம்மாளுக்குப் பயந்துகொண்டு வாசலில் நிற்கிறோம். கண்ணைக் கொடுத்தால் அடுத்த ஜன்மத்தில் குருடாய்ப் பிறப்போம் என்கின்ற பயம் நம்மிலும் சிலருக்கு அடிமனதில் இருக்கிறது. இல்லாவிட்டால் போன கூட்டத்தில் கொடுத்த பாரத்தில் பாதி ஏன் திரும்பி வரவில்லை?

அந்த அம்மையின் காரியம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வேறோர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் கேஸ் கட்டைப் பூராவும் படித்தார். முடியாது என்று சொல்லவில்லை, சோதனைகள் நடந்துகொண்டிருக்கின்றன. இப்போது தடை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. தம்பியின் மாமனார் வீட்டார், "ஒரு கிட்னி போனவன் மூட்டை தூக்குவானா? அவன் ஆம்பிளைதானா?" என்று பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கிட்னி வேறு, ஆண்மை வேறு; இரண்டுக்கும் சம்பந்தமில்லை. சோதித்துத் தேறிய ஆளுக்கு ஒரு கிட்னியே போதும். சில மாதம் பளு தூக்காமல் இருந்துவிட்டுப் பழையபடி வேலைக்குப் போகலாம். வருஷா வருஷம் சோதித்துக்கொள்ளவேண்டும். அறுவை என்றால் கொஞ்சமும் அபாயமில்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். அந்தச் சில மாதத்திற்குக் கூலி யார் கொடுப்பார்கள் என்பது மாமனார் வீட்டார் கேட்காத கேள்வி. ஆனால் நியாயமான கேள்வி. மார்க்கெட்டுத் தோழர்கள் ஆளுக்கு வாரம் இருபது ரூபாய் போடுவதென்று பேசியிருக்கிறார்கள். நாளைக் காலையில் நானும் இன்னும் இரண்டு தோழர்களும் மாமனார் ஊருக்குப் போகிறோம். தாய்மார்களில் இரண்டு பேர் கூட வந்தால் நலம். அந்தப் பெண்ணிடம் பேச எங்களைவிட உங்களால்தான் ஆகும்.

உறுப்புக் கொடைப் பாரங்கள் பந்தலின் பின்னால் மேஜையில் இருக்கின்றன. கையெழுத்துப் போடுகிறவர்கள் வீட்டிலும் சொல்லிவிட்டுப் போடுங்கள். கேள்வி கேட்கிறவர்கள் சீட்டு எழுதி அனுப்பலாம். பெயர் போட்டால் சந்தோஷம். போடாவிட்டாலும் பதில் உண்டு.